வெள்ளம் வடிந்த வழியே ஒரு திருவருகைப் பயணம்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பயணம் செய்தால் திண்டிவனம் வரும். புதுச்சேரிக்கும், மரக்காணத்திற்கும், வந்தவாசிக்கும், செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கும், விழுப்புரம் வழியே திருச்சிக்கும் செல்லும் சாலைகள் இங்கே பிரிகின்றன. ஆகவே இவ்வூரைக் கடந்து போனவர் பலர். இறங்கி நின்று பார்த்தவர் சிலர். பேருந்து நிற்கும் சில நிமிடங்களில் ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டுப் புறப்படும் ஊராகவே பெரும்பாலோர் இதனை அறிவர்.

2024ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, டிசம்பர் 23ஆம் நாள், நாம் இவ்வூரில் இறங்கினோம். இங்கிருந்து விழுப்புரம் வரையும், அதற்கப்பால் மலட்டாற்றங்கரை வரையும் செல்வது நம் நோக்கம். தொலைவு அதிகமன்று. ஆனால் அந்த மாதத் தொடக்கத்தில் இவ்வழியின் பெரும்பகுதி வெள்ளத்தில் கிடந்தது. வீட்டையும் விளைச்சலையும் இழந்து நிற்கும் மக்களிடையே மீட்பரின் பிறப்பு விழா எவ்வாறு வருகின்றது என்று காண விரும்பினோம்.

புளியங்காட்டில் பிறந்த ஒரு சொல்

திண்டிவனம் என்பது திந்திருணி வனம் என்பதன் மருஉ என்பர். திந்திருணி என்றால் புளி. ஒரு காலத்தில் புளிய மரங்கள் செறிந்த காடாக இருந்த இடம் இது. ஊரை ஒட்டியுள்ள கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில் எனப் பெயர் பெற்று, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊராக விளங்கியது. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறிய பாணனின் அடுக்களை காட்டப்படுகின்றது. உப்பும் இல்லாது வேகவைத்த கீரையை, அயலார் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, தன் சுற்றத்தார் அனைவரோடும் பகிர்ந்து உண்கிறாள் அவ்வீட்டுப் பெண். வறுமையின் நாணத்தால் கதவை அடைத்தவளே, உள்ளே இருப்பதைப் பங்கிடாமல் இருக்கவில்லை. இந்நிலத்தின் பழைய இலக்கியத்தில் இப்படி ஓர் அடுக்களை இருப்பதை, வாசக அன்பர்கள் நினைவில் கொள்க. இப்பயணத்தில் அதனை மீண்டும் மீண்டும் கண்டோம்.

தமிழகக் கத்தோலிக்கருக்குத் திண்டிவனம் மற்றொரு வகையிலும் உரியது. தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இங்கேதான் உள்ளது. கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவ சபையினரும் இணைந்து உழைத்து, 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, இந்நடுநிலையத்தின் வெளியீடாகவே நம் இல்லங்களுக்கு வந்தது. கிறிஸ்து பிறப்பு இரவில் நம் கோவில்களில் வாசிக்கப்படும் லூக்கா நற்செய்தியின் சொற்கள் இவ்வூரின் வழியாக நம்மை அடைந்தவை.

அம்மொழிபெயர்ப்பு நமக்குப் பழக்கப்படுத்திய சொற்களுள் ஒன்று, ‘எதிர்நோக்கு’. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று நம் மூத்தோர் ஞானோபதேசத்தில் கற்ற மூன்று புண்ணியங்களை, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இன்று சொல்கிறோம். முதலில் அச்சொல் பலருக்கு அந்நியமாகவே பட்டது. ஆயினும் சற்று நின்று எண்ணினால் அதன் பொருத்தம் விளங்கும். எதிர்நோக்குதல் என்றால் வருகின்றவரை எதிரே பார்த்து நிற்றல். கண்ணை மூடிக்கொண்டு ‘எல்லாம் நன்றாகிவிடும்’ என்று ஆறுதல் கூறிக்கொள்வது எதிர்நோக்கு ஆகாது. கண்ணைத் திறந்து வழியைப் பார்ப்பதே எதிர்நோக்கு. வழியில் வெள்ளம் இருந்தால் அதையும் பார்த்தே தீரவேண்டும்.

முதல் ஞாயிறு: கடலின் இரைச்சல்

ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்தும் அது நகரவில்லை. பல மணி நேரம் அப்பகுதியிலேயே நின்று மழையைக் கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேலும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, ஒரே நாளில் இறங்கிவிட்டது.

அந்த மறுநாள், டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அது. அன்று உலகெங்கும் நம் கோவில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி எது என்று அறிந்தால் நெஞ்சம் சற்றே நடுங்கும். கடலின் கொந்தளிப்பையும் அலைகளின் இரைச்சலையும் கேட்டு மக்கள் அச்சத்தால் சோர்ந்துபோவர் என்று ஆண்டவர் கூறும் பகுதியே அன்றைய வாசகம். நாட்காட்டியில் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட வாசகம் இது. ஆனால் மின்சாரம் அற்று, முழங்கால் அளவு நீர் சூழ்ந்த தெருக்களில் அன்று அதைப் படித்தவர்களுக்கு, அது அன்று காலையில் எழுதப்பட்டதுபோல் தோன்றியிருக்கும். அவ்வாசகம் அச்சத்தோடு முடிவதில்லை. இவை நிகழும்போது நிமிர்ந்து நில்லுங்கள், தலையை உயர்த்துங்கள், மீட்பு நெருங்கி வருகின்றது என்றே அது தொடர்கின்றது.

இப்பகுதியினர் டிசம்பர் மாதத்தை அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளே, டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை இக்கடற்கரையை விழுங்கியது. 2011இல் டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. விழாவின் மகிழ்ச்சிக்கு முன்னும் பின்னும் பேரிடர் நிற்பதை இம்மக்கள் ஒரு தலைமுறைக்குள் மும்முறை கண்டுவிட்டனர். வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவிடும்போதே வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வந்திருப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் ஞாயிறு: செம்மையான பாதை

திண்டிவனத்தில் பயணிகள் வண்டியில் ஏறினோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று விழுப்புரம் செல்லும் வண்டி அது. மயிலத்தைக் கடக்கும்போது பெட்டியிலிருந்த பலர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தனர். சம்பா நெற்பயிர் தரையோடு படுத்துக் கிடந்தது. சில வயல்களில் மணல் மேவியிருந்தது. கரும்பு மட்டும் அங்கங்கே சாய்ந்தும் சாயாமலும் நின்றது. மேட்டு நிலத்தில் மணிலா பயிரிட்ட ஒருவர், “வேர் அழுகிப் போச்சுங்க, இனிமே தை பொறந்துதான் பார்க்கணும்” என்று யாருக்கோ கூறிக்கொண்டிருந்தார். அவர் குரலில் அழுகை இல்லை. அடுத்த விதைப்புக்கு விதை எங்கே கிடைக்கும் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 2ஆம் நாள் காலையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் இவ்வழியே இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் வண்டிகள் சில நின்றன. சில வேறு வழியே திருப்பப்பட்டன. ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் வந்து கூடும் விழுப்புரம் சந்திப்பு, அன்று எத்திசைக்கும் எளிதில் வழிவிட முடியாத இடமாயிற்று.

அந்த வாரத்தின் இறுதியில் வந்த இரண்டாம் ஞாயிற்றின் நற்செய்தி, பள்ளத்தாக்குகள் நிரவப்படுவதையும் கோணலானவை நேராக்கப்படுவதையும் பேசியது. நாம் அதனை எப்போதும் உள்ளத்தின் பாதை என்றே விளக்கம் கூறிக் கேட்டிருக்கிறோம். அதுவும் சரியே. ஆயினும் அந்த வாரத்தில் இம்மாவட்டத்தில் மண்ணைக் கொட்டி உடைப்பை அடைத்தவர்களும், பாலத்தைச் சோதித்துப் பார்த்த இரயில்வே தொழிலாளரும், சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தியவர்களும் அவ்வாசகத்தைக் கைகளால் நிறைவேற்றினர் என்றே சொல்லத் தோன்றுகின்றது. அவர்களுள் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றவர் என்று யாரும் கேட்கவில்லை. பாதை திறந்தது, அதன் வழியே அரிசியும் போர்வையும் மருந்தும் வந்தன.

மூன்றாம் ஞாயிறு: இரண்டு அங்கிகள்

விழுப்புரத்தில் வெள்ளம் வடிந்துவிட்டபோதிலும் அது நின்ற உயரம் சுவர்களில் ஒரு கோடாக எழுதப்பட்டிருந்தது. வெள்ளம் தேங்கிக் கிடந்த புதிய பேருந்து நிலையத்தில் மீண்டும் கூட்டம் அலைமோதியது. கடைவீதியில் மூலைக்கு மூலை காகித நட்சத்திரங்கள் விற்பனைக்குத் தொங்கின. வாங்குவோர்தான் குறைவு.

அங்கே ஒரு பங்கில், இளைஞர்களிடையே ஒரு விவாதம் நிகழ்ந்ததை அறிந்தோம். இவ்வாண்டு நட்சத்திரம் கட்டுவதா, வேண்டாமா? ‘பக்கத்துத் தெருவில் அடுப்பு எரியாதபோது நமக்கு வண்ண விளக்கு எதற்கு?’ என்றனர் சிலர். ‘விழாவையே நிறுத்திவிட்டால் குழந்தைகளுக்கு எஞ்சுவது என்ன? புயல் மட்டுமா?’ என்றனர் வேறு சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. துயருற்றவன் முன்னே பட்டாசு வெடிப்பது அன்பு ஆகாது. அதுபோலவே, துயருக்கு அஞ்சி மீட்பரின் பிறப்பை மறைத்து வைப்பதும் விசுவாசம் ஆகாது.

அவ்விவாதத்தைத் தீர்த்து வைத்தது மூன்றாம் ஞாயிறு என்றார்கள். மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை அதனை அழைக்கின்றது. ஊதா நிற மெழுகுவர்த்திகளுக்கிடையே ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றப்படுவது அன்றுதான். அன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல், எதைப்பற்றியும் கவலைகொள்ளாது ஆண்டவரில் மகிழுமாறு பிலிப்பியரைக் கேட்கின்றார். இதனை அவர் எழுதியது சிறையிலிருந்து. வசதியாக அமர்ந்து பிறருக்கு அறிவுரை கூறுபவரின் சொல் அன்று அது. அன்றைய நற்செய்தியோ மகிழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாதது போல் தோன்றும். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானைக் கேட்கின்றனர். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும். உணவு உடையவரும் அவ்வாறே செய்யட்டும் என்கிறார் அவர். வரி தண்டுவோருக்கும் படைவீரருக்கும்கூட, தம் தொழிலில் பிறரை வருத்தாதிருக்கும்படியே சொல்கின்றார்.

மகிழ்ச்சி ஞாயிற்றன்று திருச்சபை நம் முன் வைத்த நற்செய்தி, ஓர் அங்கியைப் பற்றியதாக இருப்பது தற்செயலா? அன்று என்று நினைக்கிறோம். மகிழ்ச்சி எங்கே தொடங்குகின்றது என்பதை அது காட்டுகின்றது. கவலை நம்மை நம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டும். ‘நம்மிடம் இருப்பது நமக்கே போதாது’ என்று சொல்லும். இரண்டாவது அங்கியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும் நொடியில் அந்தப் பூட்டு திறக்கின்றது. கவலை தீர்ந்ததால் பகிர்கிறோம் என்பதில்லை; பகிரும்போது கவலைக்கு நம்மீதுள்ள ஆட்சி குறைகின்றது.

அவ்விளைஞர்கள் ஒரு நட்சத்திரம் மட்டும் கட்டினார்கள், கோவிலின் மேலே, தெருவினர் அனைவரும் காணும்படி. வீட்டுக்கு வீடு நட்சத்திரத்துக்குச் செலவிடும் பணம், பாயும் பாத்திரமும் மாணவருக்கு நோட்டுப் புத்தகங்களுமாக மாறியது. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு அரசு அறிவித்த 2,000 ரூபாய் உதவியைப் பெற்ற மூதாட்டி ஒருவர், அதிலிருந்து சிறு தொகையை அப்பணத்தோடு சேர்த்தார் என்று கேட்டபோது, உப்பில்லாக் கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்த அப்பழைய பெண்மணியே நம் நினைவில் எழுந்தாள்.

நான்காம் ஞாயிறு: மலட்டாற்றங்கரை

விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் அரசூர் உள்ளது. அங்கே ஓடுவது மலட்டாறு, தென்பெண்ணையின் ஒரு கிளை. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடப்பதற்கு ஏற்ற பெயர்தான். கர்நாடகத்தில் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, சாத்தனூர் அணையைக் கடந்தே இம்மாவட்டத்திற்குள் வருகின்றது. மேற்கே பெய்த பெருமழையால் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த கரையோர ஊர்களுக்குள் ஆறு நுழைந்தது. மலட்டாறு பெருகி அரசூரில் நெடுஞ்சாலையின்மீதே ஓடியது. மலடு என்று ஊரார் பெயரிட்ட ஆற்றிலிருந்து இவ்வளவு நீர் வரும் என்று எவரும் எண்ணியதில்லை.

நான்காம் ஞாயிறு, டிசம்பர் 22, நாம் அங்கே செல்வதற்கு முந்தைய நாள். மரியா எழுந்து மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்ச்சியே அன்றைய நற்செய்தி. மலடி என்று ஊரார் சொன்னவள் எலிசபெத்து. தன் நிலையை எண்ணி அஞ்சுவதற்கு மரியாவுக்குக் காரணங்கள் பல இருந்தன. திருமணத்திற்கு முன் கருவுற்ற இளம்பெண்ணை ஊர் என்ன சொல்லும்? யோசேப்பு என்ன முடிவு செய்வார்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் அவர் புறப்படவில்லை. விடை கிடைக்கும் முன்பே, முதிர்ந்த வயதில் பேறுகாலத்தை எதிர்கொண்டிருந்த உறவினருக்குத் துணையாகப் புறப்பட்டார். திருவருகைக் காலத்தின் முதல் பெருமகிழ்ச்சி வீட்டு வாசலில், இரு பெண்களின் சந்திப்பில் பிறந்தது.

கரையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறிய கோவிலைக் கண்டோம். தரையிலிருந்து சேற்றைக் கழுவி இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. பங்குத்தந்தையும் சிறுவர் சிலரும் குடில் அமைத்துக்கொண்டிருந்தார்கள். குடிலுக்கு வைக்கோல் வேண்டும். ஆண்டுதோறும் அதனைத் தரும் முதிய விவசாயி ஒருவர் ஒரு கட்டுக் கோரையோடு வந்து நின்றார். “மாட்டுக்கே வைக்கோல் இல்லீங்க சாமி. போர் மொத்தமும் ஆத்தோட போச்சு. இருக்கிற ஒரு கட்டும் வெளியூர்லேருந்து வந்தது. மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரு மாட்டோட தீனியைக் கேப்பாரா? இதை விரிச்சுக்குவோம்” என்றார். பங்குத்தந்தை சிரித்துவிட்டு, “கேட்க மாட்டார், பெரியவரே. கோரை போதும்” என்றார். ஆற்றங்கரையில் அறுத்த கோரையின்மேல் அவ்வாண்டு பாலன் இயேசு கிடத்தப்பட்டார்.

அந்த முதியவர் இறையியல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னதில் ஆழ்ந்த இறையியல் உண்டு. கடவுள் மனிதனானார் என்பதற்குப் பொருள், நம்மிடம் மிஞ்சியதைக் கேட்டு வந்தார் என்பது மட்டும் அன்று. நம் மாடும் பிழைக்கவேண்டும் என்ற கவலையையும் தம் கவலையாக ஏற்க வந்தார் என்பதுமாகும்.

அஞ்சாதிருக்கச் சொன்னவர்கள்

ஆண்டவர் பிறந்த பெத்லகேமிலேயே அப்போது என்ன நிலை? காசாவில் நடந்த போரின் காரணமாக, 2023லும் 2024லும் அங்கே பொது விழாக் கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன. பிறப்பிடப் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் வழக்கமான பெரிய மரமும் விளக்குகளும் இல்லை. ஆனால் நள்ளிரவுத் திருப்பலி நின்றுபோகவில்லை. உலகம் கலங்கியிருந்த அதே இரவில், 2024 டிசம்பர் 24 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து, எதிர்நோக்கை மையமாகக் கொண்ட 2025 யூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். நான்கு மாதங்களுக்குள், 2025 ஏப்ரல் 21இல், அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் திறந்த கதவை, 2026 சனவரி 6ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ மூடி யூபிலியை நிறைவு செய்தார்.

கிறிஸ்து பிறப்பு இரவில் வானதூதர் இடையர்களுக்குக் கூறிய முதல் சொல், அஞ்சாதீர்கள் என்பது. ஏன் அஞ்சவேண்டாம்? ஏரோது வீழ்ந்துவிட்டான் என்றோ, அகுஸ்து சீசரின் கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது என்றோ, இனி ஓநாய் வராது என்றோ தூதர் கூறவில்லை. ஒரு குழந்தை பிறந்துள்ளது, சென்று பாருங்கள் என்றே கூறினார். இடையர்கள் சென்றார்கள், கண்டார்கள், பின்னர் தம் மந்தைக்கே திரும்பினார்கள். அதே வயல், அதே குளிர், அதே இரவுக் காவல். ஆயினும் அவர்கள் இறைவனைப் புகழ்ந்துகொண்டு திரும்பினர் என்கிறார் லூக்கா. நிலைமை மாறவில்லை, அதை எதிர்கொண்டு நிற்பவர்கள் மாறியிருந்தார்கள். கிறிஸ்தவ மகிழ்ச்சி என்று நாம் சொல்வது இதுதான்.

இன்று நம் இல்லங்களில் வெள்ளம் இல்லாதிருக்கலாம். ஆயினும் கவலை இல்லாத இல்லம் எது? வேலை கிடைக்காத மகன், கடன் அடையாத நகை, மருத்துவமனையில் காத்திருக்கும் ஒரு பரிசோதனை முடிவு, தொலைவிலுள்ள மகளிடமிருந்து வராத அழைப்பு என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வெள்ளக் கோடு உண்டு. அது மறையட்டும், பிறகு விழாக் கொண்டாடுவோம் என்று காத்திருந்தால் எந்த டிசம்பரிலும் நமக்குக் கிறிஸ்து பிறப்பு வராது.

எனவே குடும்பத்தாரே, இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் குடில் அமைக்கும் மாலையில், அலமாரியைத் திறந்து இரண்டாவது அங்கி எது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். அதனைப் பெறவேண்டியவர் யார் என்பதையும் அவர்களே சொல்லட்டும். பின்பு குடும்பமாக எழுந்து சென்று, அவர்தம் வாசலில் நின்று, பெயர் சொல்லி அழைத்துக் கொடுங்கள். உரோமையில் புனிதக் கதவு மூடப்பட்டுவிட்டது. நம் வீட்டுக் கதவு நம் கையில்தான் இருக்கின்றது.